கட்டுரையை நீக்குவது சுலபம், ஆளைத் திரும்ப அழைப்பது கஷ்டம்

விக்கிப்பீடியாவைக் குறை சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2001 ஜனவரியில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தை நான் தினமும் படிக்கிறவன். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு என் பகல் பொழுதில் பாதி அதில்தான் போகிறது. விளம்பரம் போடாமல், எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுக்காமல், முகம் தெரியாதவர்கள் கூடி எழுதி இவ்வளவு பெரிதாக வளர்ந்த நூல் வேறு எங்கே இருக்கிறது? அதன்மேல் பிரியம் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

என் புகார் ஆங்கில விக்கிப்பீடியாவின் ஒரு வழக்கத்தைப் பற்றியது. ஒரு துறையில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர் மெனக்கெட்டு ஒரு கட்டுரை எழுதுவார். அந்தத் துறையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் வந்து, "இது குறிப்பிடத்தக்கது அல்ல, நீக்கலாம்" என்று பலகை மாட்டுவார். வழக்கமாக ஏழு நாள் விவாதம் நடக்கும். வருகிறவர்கள் "நீக்கு", "வைத்திரு" என்று எழுதுவார்கள். இது வாக்கெடுப்பு இல்லை என்று விதி சொல்கிறது. கடைசியில் ஒரு நிர்வாகி முடிவெடுப்பார். இன்னும் அவசரம் என்றால் விவாதமே இல்லாத விரைவு நீக்கமும் உண்டு. கட்டுரை போய்விடும். பல நேரம் எழுதியவரும் போய்விடுவார். கட்டுரை போனது ஒரு நஷ்டம். ஆள் போனது அதைவிடப் பத்து மடங்கு நஷ்டம். ஏனென்றால், அவர் அடுத்து எழுதியிருக்கக்கூடிய ஐம்பது கட்டுரைகளும் அவரோடு போகின்றன.

சில உதாரணங்கள். படமே இல்லாமல் வெறும் எழுத்தால் ஆடும் கணினி விளையாட்டுகள் ஒரு காலத்தில் இருந்தன. 'மட்' என்பார்கள். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தது முதல் மட். இன்று கோடிக்கணக்கானோர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு அதுதான் பாட்டன். அந்த வம்சத்தில் வந்த 'திரெஷோல்ட்' என்ற மட்டின் கட்டுரை நீக்கப்பட்டபோது, 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டை வடிவமைத்த ராஃப் காஸ்டர் அதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார். மட் வரலாறு பத்திரிகைகளில் அச்சாகவில்லை, ஆடியவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதில்தான் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

2011-இல் 'ஓல்டு மேன் மர்ரி' என்ற பழைய விளையாட்டு விமர்சனத் தளத்தின் கட்டுரை நீக்கப்பட்டது. அதை நடத்திய இருவரும் பின்னாளில் வால்வ் நிறுவனத்தில் புகழ்பெற்ற விளையாட்டுகளுக்குக் கதை எழுதியவர்கள். விளையாட்டுப் பத்திரிகைகள் சத்தம் போட்ட பிறகு கட்டுரை திரும்பி வந்தது. அதே ஆண்டு போலந்தில் உருவான 'நெமர்லே' என்ற நிரல்மொழியின் கட்டுரைக்கும் இதே கதி. அதுவும் கூச்சலுக்குப் பிறகுதான் மீண்டது.

இங்கேதான் எனக்குக் கேள்வி. கூச்சல் போட ஆள் இருந்தவை மீண்டன. ஆள் இல்லாதவை?

'குறிப்பிடத்தக்கமை' என்ற விதியைச் சற்றுப் பார்ப்போம். சம்பந்தமில்லாத, நம்பகமான வெளியீடுகள் ஒரு பொருளைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்த அளவுகோல் எதை அளக்கிறது? அறிவை அல்ல. பத்திரிகைக்காரர்களின் கவனத்தை. ஒரு நடிகரின் கல்யாணத்துக்கு நூறு ஆதாரம் கிடைக்கும். முப்பது வருடம் ஐந்நூறு பேர் உயிராய் நினைத்த ஒரு விஷயத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்காது.

எனக்கு இளமையிலிருந்தே சிற்றலை வானொலி கேட்கும் பைத்தியம் உண்டு. எங்கோ தொலைதூர நிலையத்தின் ஒலிபரப்பை இரவில் பிடித்து, தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி எல்லாம் குறித்து அனுப்பினால், "ஆம், நீங்கள் கேட்டது எங்கள் நிலையம்தான்" என்று ஓர் அட்டை வரும். எங்கள் உலகத்தின் அறிவெல்லாம் அந்த அட்டைகளிலும், சைக்ளோஸ்டைல் செய்த சங்கச் சுற்றறிக்கைகளிலும், சிலருடைய நோட்டுப் புத்தகங்களிலும் இருந்தது. எந்த நாளிதழும் அதைப் பற்றித் தலையங்கம் எழுதியதில்லை. அதற்காக அந்த நிலையங்கள் ஒலிபரப்பவே இல்லை என்று ஆகிவிடுமா? தபால்தலை, பழைய கேமரா, ரயில் என்ஜின், சித்திரக்கதை என்று எந்தப் பொழுதுபோக்கை எடுத்தாலும் இதே கதைதான்.

அடுத்து, அந்த விசாரணை நடக்கும் விதம். விஷயம் தெரிந்த நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு "வந்து சொல்லுங்கப்பா" என்றால் அது ஆள் சேர்ப்பு, குற்றம். அவர்களாகவே கேள்விப்பட்டு வந்து கணக்குத் தொடங்கிப் பேசினால், "இந்த ஒரு காரியத்துக்காக வந்தவர்" என்று அவர்கள் பேருக்குப் பக்கத்தில் முத்திரை விழும். அந்தத் துறையிலேயே வேலை செய்கிறவர் என்றால் சுயநல முரண். ஆக, விஷயம் தெரிந்தவர் வாயைத் திறக்கவே தகுதி இல்லாதவர். தெரியாதவர் நடுநிலையாளர்! போதாததற்கு ஜி.என்.ஜி., என்.ஓ.ஆர்., ஆர்.எஸ்., சி.ஓ.ஐ. என்று எழுத்துக் கூட்டங்களாலேயே பதில். புதிதாக வந்தவருக்கு இது கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நிற்கிற மாதிரி. இரண்டு நாள் பார்ப்பார். "எனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று எழுந்து போய்விடுவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளமா கொடுத்தார்கள்?

நீக்குகிறவர்களின் தீர்ப்பாவது சரியாக இருக்கிறதா? 2007-இல் விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு அருகிலுள்ள குகுலேத்துவில் 'ம்சோலிஸ்' என்ற இறைச்சி உணவகத்தைப் பற்றிச் சின்னதாக ஒரு கட்டுரை தொடங்கினார். 22 நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். எழுதியது அவர் என்பதால் பெரிய விவாதமாகி, கட்டுரை திரும்பி வந்தது. 2018 மே மாதம் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவு, போதிய ஆதாரம் இல்லை என்று நிராகரிக்கப்பட்டது. அக்டோபர் 2-இல் அவருக்கு நோபல் பரிசு. அன்றைக்கே கட்டுரை வந்துவிட்டது. நோபல் வாங்கினால்தான் உள்ளே விடுவோம் என்றால், வாங்காத நல்ல விஞ்ஞானிகளின் கதி என்ன?

விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. மாதம் ஐந்து திருத்தமாவது செய்கிற பங்களிப்பாளர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-இல் சுமார் 51,000 பேர். 2013-இல் சுமார் 31,000. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் பங்களிப்புகள் தள்ளப்படுவது அதிகமானதை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது.

போனவர்கள் எங்கே போனார்கள்? 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களின் நுணுக்கமான கட்டுரைகள் இங்கே வேண்டாம் என்று முகம் சுளித்தார்கள். 2005-இல் அவர்கள் 'வூக்கிபீடியா' என்று தனிக்குடித்தனம் போனார்கள். இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். நல்லதுதானே என்பீர்கள். அந்த வீடு யாருடையது தெரியுமா? இதே ஜிம்மி வேல்ஸும் ஏஞ்சலா பீஸ்லியும் 2004-இல் தொடங்கிய லாபநோக்கு நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறது. அன்று விக்கியா, இன்று ஃபேண்டம். பக்கமெல்லாம் விளம்பரம். அந்தத் தொல்லை தாங்காமல் 2018-இல் 'ரூன்ஸ்கேப்' ரசிகர்களும், 2023-இல் 'மைன்கிராஃப்ட்' ரசிகர்களும் அங்கிருந்தும் மூட்டை கட்டினார்கள். பொதுச் சொத்தாக இருக்கலாம் என்று ஆசையோடு கொண்டுவந்த உழைப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். அது விளம்பரக்காரர்களுக்குத் தீனியானது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2005-இல் ஜான் சீகெந்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்டு எவரோ எழுதிய பொய் நாலு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தது. அது பெரிய அநியாயம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய ஆதாரமற்ற எழுத்து, விளம்பரம், புளுகு மூன்றையும் ஈவிரக்கமில்லாமல் நீக்கட்டும். ஆனால் "இது உண்மையா?" என்பது ஒரு கேள்வி, "இது முக்கியமா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரிபார்த்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு எவருடைய ரசனையோ பதில் சொல்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறார்கள்.

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் வெளியிட்டபோது அது பத்துத் தொகுதி. காகிதம், அச்சு, பைண்டிங் எல்லாம் செலவு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தேர்ந்தே ஆக வேண்டும். கணினியில் என்ன இடநெருக்கடி? வேடிக்கை என்னவென்றால், நீக்கிய கட்டுரை அழிவதுகூட இல்லை. தரவுத்தளத்தில் அப்படியே இருக்கிறது. நிர்வாகிகள் பார்க்கலாம். எழுதியவர் தன் எழுத்தைப் பார்க்க அவர்களிடம் கேட்டு நிற்க வேண்டும். ஒரு பைட் இடம்கூட மிச்சமாகவில்லை. ஒரு மனிதரை அவமானப்படுத்தியதுதான் மிச்சம்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. பொய்யோ விளம்பரமோ அல்லாத கட்டுரையை நீக்குவது கடைசி வழியாக இருக்கட்டும். அதற்கு முன் வரைவுப் பகுதிக்கு நகர்த்தலாம், பெரிய கட்டுரையில் சேர்த்துப் பழைய வரலாற்றை எல்லோரும் பார்க்கும்படி விடலாம். இவற்றுக்கெல்லாம் வழி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மனசுதான் வேண்டும். பலகை மாட்டுகிறவர், அதற்கு முன் அரைமணி நேரம் செலவழித்து ஆதாரம் தேடிப் பார்க்கட்டும். எழுதியவரிடம் "இதற்கு வேறு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள்?" என்று, சுருக்கெழுத்து இல்லாமல், மனுஷ பாஷையில் ஒரு வரி கேட்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அங்கே பங்களிப்பவராக இருந்தால், அடுத்த முறை உங்களுக்குத் தெரியாத துறையின் கட்டுரையில் "நீக்கு" என்று எழுதப் போகும்போது, அதை எழுதியவருக்கு உங்கள் அப்பா வயது இருக்கலாம் என்பதையும், அந்த விஷயத்தை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர் அவர் ஒருவராகவே இருக்கலாம் என்பதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள்.