வேது பிடிக்கலாம், வெந்து போகாமல்!



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் போடிமெட்டில் விடிந்து வெகுநேரம் ஆகியும் மூட்டம் விலகாது. ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் சளியும் மூக்கடைப்பும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். போடியிலிருந்து நொச்சித் தழை ஒடித்து வந்து, துளசி, மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்து வேது பிடிப்பதுதான் வீட்டுக்கு வீடு வைத்தியம்.

நானும் அப்படித்தான் செய்தேன். என் சின்னவனுக்கு அப்போது ஆறு வயது. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு குண்டானை ஸ்டூலில் வைத்து, அவனை உட்காரவைத்துக் கம்பளியால் மூடினேன். சூடு தாங்காமல் பிள்ளை காலை உதறினான். தண்ணீர் அத்தனையும் தொடையில்! அவன் அப்பத்தா பதறிப்போய் இட்லி மாவை அள்ளிப் பூசினார். 17 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை.

டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மறக்கவில்லை. "தழையில தப்பில்லம்மா, சூட்டுலதான் தப்பு."

சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குறைச்சல்தானே என்று நினைக்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். ஆவியோ தோலில் பட்டு நீராக மாறும்போது, தன்னுள் இருக்கும் வெப்பத்தையும் சேர்த்து இறக்கிவிடும்.

ஆகவே ஆவியை ஆற்றித்தான் பிடிக்க வேண்டும். நான் கடைப்பிடிக்கும் முறைகள் இவை:

அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, இரண்டு தோசை ஊற்றும் நேரம் பொறுங்கள். பிறகு அகலமான, கனத்த பாத்திரத்தில் அரை அளவு ஊற்றுங்கள். அதைத் தரையில், ஒரு பெரிய அன்னக்கூடைக்குள் வையுங்கள். சாய்ந்தாலும் தண்ணீர் கூடைக்குள்ளேயே நிற்கும்.

முகம் ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். போர்வையில் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். முதலில் புறங்கையை நீட்டிப் பாருங்கள். கைக்குச் சுட்டால் முகத்துக்கு ஆகாது.

மின்சாரக் கருவி என்றால், குறியிட்ட அளவுக்கு வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தழை, தைலம் எதையும் உள்ளே போடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கோ வேதே வேண்டாம். டாக்டரைக் கேட்டு உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து விடலாம். குடிக்க வெதுவெதுப்பாகக் கொடுங்கள். கைக்குழந்தைகளுக்குக் கற்பூரம் சேர்ந்த தைலம் தடவவே கூடாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

இன்னொன்று. ஆவி மூக்குக்கு இதம் தரும், நோயை விரட்டாது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஊரெல்லாம் ஆவி பிடித்தபோது, பொது இடங்களில் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொண்டார். மூச்சு இரைத்தாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

சின்னவனுக்கு இப்போது பதினெட்டு. தழும்பு மட்டும் இருக்கிறது. சளி பிடித்தால் அவனே தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு, "அம்மா, ரெண்டு தோசை ஊத்து, ஆறட்டும்" என்பான். தோசை அவனுக்குத்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?