தூங்குமூஞ்சி என்று சொல்லாதீர்!

"தூங்கினவன் கன்று கடாக் கன்று" என்பது நம் முன்னோர் வாக்கு. இரவெல்லாம் விழித்திருந்து பசுவின் ஈற்றைக் காத்தவனுக்குக் கிடாரிக் கன்று, உறங்கிவிட்டவனுக்குக் கடா. வள்ளுவப் பெருந்தகையும் 'மடியின்மை' அதிகாரத்தில் துயிலை மறதியோடும் சோம்பலோடும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார். இவற்றைக் கேட்டு வளர்ந்த நாம், பகலில் ஒருவர் கண்ணயர்ந்தால் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வகுப்பில் கண் சொக்கும் மாணவிக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பட்டம். ஓர் ஊராரோ, ஒரு சாதியாரோ, ஒரு நாட்டாரோ என்றால், "அவர்கள் பிறவியிலேயே அப்படித்தான்" என்று முத்திரை. இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா?

முதலில் வள்ளுவரிடமே கேட்போம். கெட்டுப்போக இருப்பவர்கள் தாமே விரும்பி ஏறுகின்ற மரக்கலம் என்றல்லவா அவர் அந்நான்கையும் சொல்கிறார்? அவர் கண்டித்தது விரும்பி ஏறும் உறக்கத்தை. விரும்பாமல், அடக்கியும் அடங்காமல், கண்ணை வந்து மூடுகின்ற உறக்கம் வேறு. நாம் பேசப்போவது இந்த இரண்டாவது உறக்கத்தைப் பற்றியே.

பிறவிச் சோம்பல் என்னும் முத்திரைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதை உலகெங்கும் தாராளமாகக் குத்தியவர்கள் காலனி ஆட்சியாளர்கள். மலேசிய அறிஞர் சையது உசேன் அலடாஸ், 'சோம்பேறி உள்நாட்டவர் என்னும் கட்டுக்கதை' என்று பொருள்படும் தம் நூலை 1977-இல் வெளியிட்டார். மலாய் மக்களையும், ஜாவா மக்களையும், பிலிப்பைன்ஸ் மக்களையும் ஐரோப்பியர் சோம்பேறிகள் என்று எழுதிவைத்ததன் காரணத்தை அதில் ஆராய்ந்தார். தம் வயலையும் தம் வலையையும் விட்டுவிட்டு, வெள்ளையர் தோட்டத்தில் அவர்கள் சொன்ன கூலிக்கு உழைக்க அம்மக்கள் மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு வைக்கப்பட்ட பெயரே சோம்பல். அத்தோட்டங்களில் உழைப்பதற்காகத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி நம் மக்களைக் கொண்டுபோனார்கள் என்பதைக் காவிரிக் கரையில் வாழும் நாம் மறக்கலாகாது.

அப்படியானால், உறக்கத்துக்கும் உடற்கூற்றுக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நம் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள். மாலை வந்தால் இலையை மடிக்கிறது; காலையில் விரிக்கிறது. அதனைச் சோம்பேறி மரம் என்று எவரும் ஏசுவதில்லை. அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நமக்குள்ளும் அத்தகைய கடிகாரம் ஒன்று உண்டு. அது மரபணுக்களால் இயங்கும் விதத்தைப் பழ ஈக்களைக்கொண்டு கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மரபணு பெற்றோரிடமிருந்து வருவது. பிறந்தபின் அதை நாம் மாற்றி எழுதுவதில்லை. ஆயினும் எந்த மரபணு எப்போது வேலைசெய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதைக் காட்டும் சிறு வேதியியல் குறிகள் அதன்மேல் உள்ளன. அவற்றுள் முதன்மையானது மெத்தில் குறி. களத்துமேட்டில் நெல்லைக் குவித்து, அதன்மேல் குறி போட்டு வைக்கும் பழைய வழக்கத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குறி போட்டதால் நெல் மாறிவிடுவதில்லை. "இதில் கை வைக்காதே" என்ற செய்தி மட்டும் அதன்மேல் ஏறுகிறது. மெத்தில் குறியும் ஏறத்தாழ அத்தகையதே. இக்குறிகளை ஆராயும் துறைக்கு 'மேல்மரபியல்' என்று பெயர்.

இக்குறிகளைப் போடுவது யார்? நம் வயதும், நாம் வாழும் வாழ்க்கையும் அதில் பங்கு கொள்கின்றன. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவை மறித்ததால் ஹாலந்து நாடு பட்டினியில் வாடியது. அக்காலத்தில் கருவானவர்களின் இரத்தத்தை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் சோதித்தார்கள். வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவின்மேல் இருந்த குறிகள், உடன்பிறந்தோருக்கு இருந்ததைவிடக் குறைந்திருந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். தாய் கிடந்த பட்டினி பிள்ளையின் உடலில் அறுபது ஆண்டு எழுத்தாக நின்றுவிட்டது! உறக்கத்துக்கும் இத்தகைய சான்று உண்டு. சுவீடன் நாட்டின் உப்சாலாவில் நலமுள்ள ஆடவர் பதினைந்து பேரை ஓர் இரவு முழுதும் விழித்திருக்கச் செய்து சோதித்தார்கள். அவர்களது கொழுப்புத் திசுவில், உடற்கடிகார மரபணுக்களின்மேல் உள்ள குறிகள் மாறியிருந்ததை 2015-இல் அறிவித்தார்கள். ஒரே ஓர் இரவு!

இனி, இனத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய இதய ஆய்வு ஒன்றில் வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய வழியினர், சீன வழியினர் எனப் பல இனத்தவருமாக 6,800-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் இரத்த அணுக்களில் உள்ள மெத்தில் குறிகளையும், அவர்களது பகல் தூக்கத்தையும் ஒப்பிட்ட முடிவுகள் 2019-இல் வெளியாயின. கறுப்பின மக்களிடம் சில குறிகளுக்கும் பகல் தூக்கத்துக்கும் தொடர்பு தென்பட்டது. மற்ற இனத்தாரிடம் அவ்வாறு தென்படவில்லை.

அவசரக்காரர் இதைப் படித்தால் என்ன சொல்வார்? "பார்த்தீர்களா, எல்லாம் இரத்தத்திலேயே இருக்கிறது" என்பார். அங்கேதான் தவறு. தொடர்பு வேறு, காரணம் வேறு. குறியால் தூக்கம் வந்ததா, தூக்கக் குறைவால் குறி விழுந்ததா, இரண்டையும் மூன்றாவது ஒன்று கொண்டுவந்ததா என்பதை இத்தகைய ஒப்பீடு தீர்த்துச் சொல்லாது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் வெள்ளையரைவிடச் சராசரியாகக் குறைந்த நேரமே உறங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன. இரவு முறை வேலை, இரைச்சல் மிகுந்த குடியிருப்பு, அவமதிப்பைச் சுமந்து வாழும் மனக்கவலை ஆகியவை யாருக்கு அதிகம் என்று கேட்டால் விடை தானே வரும். பட்டினியைப் பதிந்து வைத்த உடல் இதையும் பதிந்து வைத்தால் வியப்பென்ன? இனம் என்று நாம் படிப்பது பல வேளைகளில் வாழ்க்கை நிலையே என்பது என் துணிபு.

கடல் கடந்து போவானேன்? நம் சென்னை மாநகரிலேயே குறைந்த வருவாயுள்ள 452 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2021-இல் வெளியாயிற்று. அவர்கள் கையில் கருவி கட்டி அளந்ததில், படுக்கையில் கிடப்பது எட்டு மணி நேரம். உண்மையில் உறங்குவது ஐந்தரை மணி நேரம். வெப்பம், கொசு, தெருச் சத்தம், நெருக்கமான வீடு என்று நகரத்து ஏழையின் உறக்கத்தைக் கெடுப்பவை எத்தனையோ! அறிவுரையும் உறங்குவதற்கு உதவும் பொருள்களும் கொடுத்ததில் இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் அதனால் வேலையிலோ மனநலத்திலோ முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. மாறாக, வேலையிடத்தில் பிற்பகலில் சிறிது நேரம் அமைதியாக உறங்க விட்டபோது வேலைத் திறனும், கவனமும், மனநலமும் உயர்ந்தன. உறங்கிய அளவுக்கு வேலை நேரம் குறைந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நமக்கு இதில் பாடம் உண்டு. படுக்கையில் கிடக்கும் நேரத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. உறக்கம் துண்டுபடாதிருக்க வேண்டும். துண்டுபட்டவர்களுக்கு நண்பகல் ஓய்வு மருந்தாகும்.

இப்போது நம் பாபநாசத்துக்கு வருவோம். பகல் தூக்கத்தை அளக்க மருத்துவர்கள் கையாளும் எட்டுக் கேள்விகளை 1991-இல் ஆஸ்திரேலியாவின் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் வகுத்தளித்தார். அவற்றுள் இரண்டு கேள்விகள் காரில் அமர்ந்திருக்கும்போது தூக்கம் வருமா என்பன! நம் பிள்ளைகளுக்கு வேறு கேள்விகள் வேண்டும். கபிஸ்தலத்திலிருந்தும் மெலட்டூரிலிருந்தும் பேருந்தேறி வருகிறாயே, எத்தனை மணிக்கு எழுந்தாய்? அம்மா நடவுக்குப் போகும் நாளில் உலை வைப்பது யார்? வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பிவிடுவது யார்? இரவில் பாத்திரம் கழுவி முடித்தபின்தான் புத்தகத்தைத் திறந்தாயா?

2019-ஆம் ஆண்டு மைய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களோ 97 நிமிடம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகை உள்ளவருக்கு அசதியும் சோர்வும் இயல்பு. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கணக்கு. இந்தக் கணக்குகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபின், கண் சொக்கும் ஒரு மாணவியைப் பிறவிச் சோம்பேறி என்று சொல்ல நா எழுமா?

ஆதலால் சில சொல்ல விழைகிறேன். பெற்றோரே, மகளுக்கு உள்ள உடற்கடிகாரமே மகனுக்கும் உள்ளது. வீட்டு வேலையை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். மகள் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கப் போகட்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் தவறாமல் உட்கொள்கிறாளா என்று கேளுங்கள். நன்றாக உறங்கியும் பகலில் ஓயாமல் கண் மூடினாலோ, உறக்கத்தில் பலத்த குறட்டை இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிரியப் பெருமக்களே, எழுப்பி நிற்க வைக்கும் முன் "நேற்று எப்போது படுத்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்போம். மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் மேசையில் தலை சாய்த்திருக்க அனுமதி கொடுத்தால் பாடம் ஒன்றும் கெட்டுவிடாது. மாணவியரே, உங்களுக்கும் ஒன்று: நள்ளிரவு வரை கைப்பேசியில் கண் வைத்திருப்பது வள்ளுவர் சொன்ன அந்த மரக்கலத்தில் விரும்பி ஏறுவதே. அதற்கு மரபணுவையும் குறியையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இக்குறிகள் யாவும் அழியா எழுத்துகள் அல்ல. புகைபிடிப்பதால் இரத்த அணுக்களில் விழும் குறிகள் பல, அப்பழக்கத்தை விட்ட சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. வாழ்க்கை போட்ட குறியை வாழ்க்கையே திருத்தவும் கூடும்.

விவிலியத்தில் இறைவாக்கினர் எலியா களைத்துப்போய்ப் பாலைநிலத்துச் சூரைச்செடியின் அடியில் படுத்து உறங்கியதைப் படிக்கிறோம். அவரிடம் வந்த வானதூதர் "சோம்பேறியே" என்று ஏசவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டார். மறுமுறையும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன்பின் அவர் நாற்பது நாள் நடந்து இறைவனின் மலையை அடைந்தார். நெடுந்தூரம் நடக்க வேண்டிய பெண்பிள்ளைகள் நம்மிடம் வளர்கிறார்கள். அவர்களுக்கு முத்திரை வேண்டாம். அப்பமும் தண்ணீரும் ஓய்வும் கொடுப்போம்.