பக்கவாதத்துக்குப் பின் பேச்சுப் பயிற்சி: பாதியில் நிற்பது யார் தவறு?

"சொன்னாக் கேக்கறதே இல்லீங்க. பயிற்சின்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறார்." பக்கவாதத்தால் பேச்சு போனவர்களின் வீடுகளில் கேட்கும் புகார் இது. ஆனால், திருப்பூர் மாதிரி ஷிப்ட் கணக்கில் ஓடும் ஊரில் நோயாளியின் பிடிவாதத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வீட்டின் நேரக்கணக்கையும் பார்க்க வேண்டும்.

அஃபேசியா என்றால் என்ன?

மூளையில் மொழியைக் கையாளும் பகுதி பாதிக்கப்படுவதால் வரும் பேச்சிழப்பு. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. சிலருக்குச் சொல் வராது. சிலருக்குப் பிறர் பேசுவது புரியாது. வாசிப்பும் எழுத்தும்கூடத் தடுமாறும். அறிவு மங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. 20 வருஷம் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவருக்கு அது என்ன மெஷின் என்று தெரியும். பெயர்தான் வாய்க்கு வராது.

பயிற்சி பலன் தருமா?

தரும். 57 ஆய்வுகளை, அதாவது 3,002 பேரின் விவரங்களை அலசிய 2016-ம் ஆண்டு காக்ரேன் அறிக்கை அதைத்தான் சொல்கிறது. அதிக நேரம், அதிக நாள் பயிற்சி எடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் பாதியில் விட்டவர்களும் அவர்களிடையேதான் அதிகம். ஆக, எவ்வளவு பயிற்சி என்பதோடு, எவ்வளவு தாங்கும் என்பதும் முக்கியம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் பிடித்து உட்கார வைத்தால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். காலை டீயோடு பத்து நிமிஷம், ராத்திரி சோறு சாப்பிடும் முன் பத்து நிமிஷம் என்று பிரித்துக்கொள்ளலாம். செய்த நாளைக் காலண்டரில் டிக் அடித்தால் அவருக்கே முன்னேற்றம் தெரியும்.

வரிக்குதிரைப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதைவிட, பேத்தி பெயர், கட்டிங், செக்கிங், சனிக்கிழமை சம்பளம் என்று அவர் புழங்கிய சொற்களில் தொடங்குவது நல்லது. எந்தப் பயிற்சி, எந்த வரிசை என்பதைத் தெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் திணறும்போது முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பொறுத்திருங்கள், தேவைப்பட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். சைகையில் சொன்னாலும் சரிதான். பல நாள் ஒதுங்கியே இருந்தால் அது சோம்பலாக இல்லாமல் மனச்சோர்வாகவும் இருக்கலாம்; டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீடு மட்டும் போதாது

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. கை, கால் அசைந்தால் போதுமா? பேச்சுப் பயிற்சிக்கும் அதே இடம் வேண்டும். பனியன் கம்பெனிகளும் தெரபிக்கு அழைத்துப் போகும் நாளில் அரைநாள் சம்பளத்தைப் பிடிக்காமல் விடலாம். பயிற்சி தொடர வேண்டுமென்றால், கூட உட்கார ஒருவருக்கு நேரம் கிடைக்க வேண்டும்.