நிகழ்ச்சி நிரல் எவருடையது?

‘தமிழ் புளூராக்’ என்னும் நூலைத் தந்த சைமன் காசிச்செட்டியைப் புலவர் வரலாறு எழுதியவராகவே நாம் நினைவுகூர்கிறோம். 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த அவர், 1838 இல் இலங்கைச் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவருமாவார். அச்சபைக்குத் தேசாதிபதியே தலைவர். தொடக்க காலத்திற் சட்டங்களை முன்வைக்கும் உரிமையும் அவருக்கே. உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்க்குப் பேச வாய் இருந்தது. எதைப் பேசுவதெனத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை.

அந்தச் சபை மறைந்து நெடுங்காலமாயிற்று. அதன் பழக்கமோ நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்களிற் சாகாமல் வாழ்கிறது. காசிச்செட்டி பிறந்த அதே கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் கூடுவதாகக் கொள்வோம். தலைமையுரை, சென்ற கூட்டறிக்கை, செயலாளர் அறிக்கை, கணக்கறிக்கை, நிருவாகசபைத் தெரிவு, ஈற்றில் ‘வேறு விடயங்கள்’. இந்நிரலை எழுதியவர்கள் நிருவாகத்தார். வள்ளம் கட்டும் துறை எவருக்கு? மீனுக்கு வியாபாரி தரும் விலை நியாயமா? 14 தீவுகளை உள்ளடக்கி வகுக்கப்பட்ட சுற்றுலாத் திட்டத்தினாற் கரையும் களப்பும் எவர் கைக்குப் போகும்? இவையெல்லாம் அந்த ‘வேறு விடயங்கள்’ என்னும் மூட்டைக்குள் திணிக்கப்படுகின்றன. மூட்டை அவிழும் வேளையில் மாலைத் தொழிலுக்குப் போகவேண்டியவர் எழுந்து போயிருப்பார். தன் வள்ளத்தைக் கூலியாட்களிடம் ஒப்படைத்துவிட்ட சம்மாட்டி மட்டும் ஆறுதலாக அமர்ந்திருப்பார். பிறகு, ‘ஏகமனதாக’ என்று அறிக்கையில் எழுதுவார்கள்!

நிரலை மாற்ற இடங்கொடுத்தாற் கூட்டம் சந்தையாகிவிடும் என்பர் ஒழுங்கின் காவலர். இவர்கள் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்புகின்றனர். அறிவிக்கப்பட்ட விடயங்களின் வரிசையை மாற்றுவது ஒன்று. அறிவிக்கப்படாத விடயத்தைப் புகுத்தி அன்றே முடிவெடுப்பது இன்னொன்று. முன்னதை வந்திருப்போரின் பெரும்பான்மை செய்யலாம். பின்னதை எப்பெரும்பான்மையும் செய்யலாகாது. ஏனெனில் அது அவ்வேளை கடலில் நிற்பவரின் வாக்கைத் திருடுவதாகும். அவசர விடயமொன்று எழுந்தால் அதைப் பேசட்டும். முடிவை முறையாக அறிவித்த அடுத்த கூட்டத்துக்கு விடட்டும். வரிசை மாற்றத்திலும் சூது நுழையலாம் என்பதை மறுக்கவில்லை. ஆட்கள் வந்து சேருமுன் ஒரு விடயத்தை முன்னிழுத்து முடித்துவிடும் வித்தையை அறியாத செயலாளர் எவருமுளரோ? ஆகவே மாற்றம் கூட்டத் தொடக்கத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் பிரேரிக்கப்பட்டு, வாக்குக்கு விடப்பட்டு, அறிக்கையிற் பதியப்படல் வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ், பதிவாளரின் பதிவுக்கு உட்பட்டுச் சங்கங்கள் தம் உபவிதிகளைத் திருத்திக்கொள்ளலாம். ஓர் உபவிதி போதும்: நிரலை அங்கீகரிப்பதே கூட்டத்தின் முதல் விடயம், குறித்த தொகை அங்கத்தவர் எழுத்திற் கேட்டால் அவர்கள் தரும் விடயம் நிரலில் ஏறியே தீரவேண்டும். அந்நிரல் அலுவலகச் சுவரில் மட்டுமன்றி மீன் இறங்கும் துறையிலும் ஒட்டப்படல் வேண்டும்.

கற்பிட்டியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் பல்கலைக்கழகத்து மாணவர் சங்கங்களின் யாப்புகளையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போமாக. நிரலைத் திருத்தும் உரிமை அங்கத்தவர்க்கு உண்டென்று சொல்லும் வாசகம் அவற்றுள் இல்லையெனின், அடுத்த பொதுக்கூட்டத்துக்கான முதற் பிரேரணை ஆயத்தமாக இருக்கிறது. அதை ‘வேறு விடயங்கள்’ என்பதன்கீழ்ச் சேர்க்க நாம் உடன்படோம்.