எது குறுக்கு வழி?

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இரண்டு பாதைகள் இருந்தால், அவற்றுள் சிறந்தது எது என்பதை ஜனங்கள் இதுகாறும் இரண்டு அளவுகோல்களைக் கொண்டே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். தூரம் எவ்வளவு என்பது ஒன்று. நேரம் எவ்வளவு என்பது மற்றொன்று. இனி மூன்றாவதாகப் புகையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பூமியின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், ஒரு பிரயாணம் எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்பது விஞ்ஞானிகள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. இம்மூன்று கணக்குகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்குச் செட்டிநாட்டு ரயில் பாதைகள் நல்லதோர் உதாரணமாகும்.

காரைக்குடியிலிருந்து சோழநாட்டுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்வது. மற்றொன்று, சாக்கோட்டைக்கு அருகிலுள்ள கண்டனூர்-புதுவயல் நிலையத்தைத் தொட்டு, அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூர் சேர்வது. சென்னைக்குச் செல்வோருக்கும் இவ்விரண்டு வழிகளும் உண்டு. திருச்சி, விழுப்புரம் வழியாகச் சென்றால் சென்னை சுமார் 426 கிலோமீட்டர். திருவாரூர், மயிலாடுதுறை, விழுப்புரம் வழியாகச் சென்றால் சுமார் 470 கிலோமீட்டர். ஆகவே சென்னையை நோக்கிப் பார்க்கும்போது திருவாரூர்ப் பாதை 44 கிலோமீட்டர் சுற்று வழியாகும்.

ஆனால் கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. சாக்கோட்டைக்காரர் ஒருவர் திருவாரூருக்குப் போக வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் 149 கிலோமீட்டர். திருச்சி, தஞ்சாவூர் வழியாகச் சென்றால் ஏறக்குறைய 195 கிலோமீட்டர். சென்னைக்குச் சுற்று வழியாக இருந்த பாதை, திருவாரூருக்குக் குறுக்கு வழியாகிவிடுகிறது; இலாபமும் ஏறக்குறைய அதே நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். குறுக்கு வழி, சுற்று வழி என்பன பாதையின் குணங்கள் அல்ல. அவை பிரயாணியின் ஊரையும் அவன் சேர வேண்டிய இடத்தையும் பொறுத்தவை. தலைநகரில் உட்கார்ந்து அளப்பவர்கள் தலைநகரிலிருந்தே அளக்கிறார்கள் என்பதுதான் நம்முடைய முதல் புகார்.

திருவாரூர்ப் பாதையின் பூர்வோத்தரத்தை நினைவூட்டுவது இங்கே அவசியமாகிறது. இதன் பெரும்பகுதியைக் கட்டியது ஏதோ ஒரு சீமைக் கம்பெனியன்று. தஞ்சை ஜில்லா போர்டு. நிலத்தின் மீது ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் விதித்த தனி வரியைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை போடப்பட்ட பாதை 1894-ல் திறக்கப்பட்டது. 1903-க்குள் அது அறந்தாங்கி வரை நீண்டு 99 மைல் பாதையாயிற்று. உழவர்கள் கொடுத்த காசில் உழவர்களின் ஊர்களுக்காகப் பிறந்த ரயில் இது. நாடு விடுதலையடைந்த பிறகு காரைக்குடியுடன் இணைக்கப்பட்டது. மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் இவ்வழியேதான் சென்னைக்கும் காரைக்குடிக்கும் ஓடிற்று.

அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2012-ல் மீட்டர் கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டன. காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2018-லும், அங்கிருந்து திருவாரூர் வரை 2019-லும் புதிய பாதை திறக்கப்பட்டது. ஏழாண்டுகள் காத்திருந்த ஜனங்களுக்குக் கிடைத்தது என்ன? 2019 ஜூன் மாதத்தில் விடப்பட்ட டீஸல் வண்டி 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்! புதிய தண்டவாளம், புதிய பாலங்கள், ஆனால் வேகமோ பாட்டனார் காலத்தை வெட்கச் செய்வது.

காரணம் தண்டவாளத்தில் இல்லை, கேட்டுகளில் இருந்தது. லெவல் கிராசிங்குகளுக்குக் கேட் கீப்பர்களை நியமிக்காமல், வண்டியிலேயே ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும்; முன்புறம் இருப்பவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்து சென்று மறுபடியும் நிற்கும். பின்புறம் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். கேட்டு ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும், பன்னிரண்டு கேட்டுகளுக்கு ஒரு மணி நேரம் போய்விடுகிறது. திருச்சி, தஞ்சாவூர் வழியாகச் சுற்றிச் சென்றவர் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் சுமார் நான்கு மணிதான். இவ்விதமாகக் குறுக்கு வழி சுற்று வழியைவிட நீண்டுவிட்டது.

இதைச் சிக்கனம் என்று சொன்னார்கள். சிக்கனத்தின் கணக்கையும் பார்ப்போம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய பிரயாணம் ஆறு மணியாயிற்று. வண்டியில் எண்பது பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு 240 மணி நேரம் வீண். நாளுக்கு எட்டு மணி உழைப்பு என்ற கணக்கில், முப்பது பேருடைய ஒருநாள் வேலை இது. ரயில்வேயின் ஏட்டில் சம்பளம் மிச்சமாயிற்று. ஜனங்களின் ஏட்டில் அது நஷ்டமாக எழுதப்பட்டது. ஒருவர் மிச்சத்தை மற்றொருவர் தலையில் நஷ்டமாக ஏற்றுவதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை.

இனிப் புகைக் கணக்கு. ஒரு லிட்டர் டீஸல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. நூற்றைம்பது கிலோமீட்டர் செல்லும் மோட்டார் கார், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால், பத்து லிட்டர் பெட்ரோலைக் குடித்து 23 கிலோ வாயுவை விடும். அதில் இருவர் சென்றால் தலைக்குப் பதினொன்றரைக் கிலோ. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பஸ், அதே தூரத்துக்கு முப்பது லிட்டர் டீஸலை எரித்து 81 கிலோ வாயுவை விடும். ஆனால் ஐம்பது பேர் ஏறினால் தலைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். பத்துப் பேரே ஏறினால் எட்டுக் கிலோ. ஆகவே, வண்டி ஒன்று எவ்வளவு புகை விடுகிறது என்று கேட்பது அரைக் கேள்வி. அந்தப் புகையை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதே முழுக் கேள்வி.

ரயிலுக்கும் இதே நியாயந்தான். நிறைந்து ஓடும் ரயிலைவிடக் குறைந்த புகையில் மனிதனை நெடுந்தூரம் கொண்டுபோகும் மோட்டார் வாகனம் நமக்குத் தெரிய இல்லை. ஆனால் கேட்டுக்குக் கேட்டு நின்று புறப்படும் டீஸல் வண்டி, நிற்கும்போதும் எண்ணெயை எரிக்கிறது. மீண்டும் வேகம் எடுக்கும்போது இன்னும் அதிகமாக எரிக்கிறது. தாமதத்துக்கு அஞ்சி ஜனங்கள் அதைக் கைவிட்டால், காலி வண்டியின் புகையும் சேர்கிறது. கைவிட்டவர்கள் ஏறிய கார்களின் புகையும் சேர்கிறது. பிறகு, ‘இப்பாதையில் பிரயாணிகள் இல்லை’ என்று அதிகாரிகள் அறிக்கை எழுதுகிறார்கள். ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கூட்டத்தை விரட்டிவிட்டு, கூட்டமில்லை என்று தீர்ப்புச் சொல்வது எந்த நீதிமன்றத்திலும் செல்லாத வாதம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்பது முறை. சென்னைக்கு விரைவாகப் போக விரும்பும் காரைக்குடிவாசிக்குத் திருச்சிப் பாதையே ஏற்றது என்பதை நாம் மறுக்கவில்லை. அது மின்சாரப் பாதை. பல்லவன் எக்ஸ்பிரஸ் 2013 முதல் காரைக்குடி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பிரயாணம் சுமார் ஏழு மணி நேரந்தான். அனல் நிலையத்து மின்சாரத்திலும் புகை உண்டு. எனினும் இனிச் சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகப் பெருக, அந்தப் புகை குறைந்துகொண்டே வரும். ஆனால் பட்டுக்கோட்டைக்காரருக்குத் திருச்சிப் பாதையால் என்ன பயன்? அவர் ரயில் பிடிக்க ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் காரில் தஞ்சாவூருக்குப் போனால், அதற்கே ஏழு கிலோவுக்கு மேல் வாயு. சாக்கோட்டையில் இருப்பவரும், கிழக்கே போவதற்கு முதலில் மேற்கே காரைக்குடி வரை வரவேண்டியதாகும். வீட்டு வாசலிலிருந்து அளந்தாலன்றித் தூரமும் தெரியாது, புகையும் தெரியாது.

நிர்வாகம் மனம் வைத்தால் பாதை உயிர்பெறும் என்பதற்கு ருசு இருக்கிறது. 2022 முதல் செகந்தராபாத்-ராமேசுவரம் வண்டி இவ்வழியே வரலாயிற்று. 2023 ஏப்ரல் 8-ந் தேதி தாம்பரம்-செங்கோட்டை எக்ஸ்பிரஸ் தொடங்கப்பட்டது. நெடுந்தூர வண்டிகளைத் தாங்கும் பாதை, உள்ளூர் ஜனங்களைத் தாங்காதா?

ஆகையால் நாம் வற்புறுத்துவது இவைதாம். எந்தப் பாதையிலும் கேட் கீப்பரின் சம்பளத்தை மிச்சம் பிடித்துப் பிரயாணியின் நேரத்தைச் செலவழிக்கும் முறை திரும்பவும் தலைகாட்டக் கூடாது. திருவாரூர்ப் பாதையில் அலுவலுக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு உதவும் வேளைகளில் நாள்தோறும் வண்டிகள் ஓட வேண்டும். கண்டனூர்-புதுவயல் போன்ற சிறு நிலையங்களுக்கு, ரயில் வரும் நேரத்தை அனுசரித்துச் சாக்கோட்டை முதலிய ஊர்களிலிருந்து பஸ்கள் வர வேண்டும். பிரயாணிகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பவர்கள், வண்டி எத்தனை மணி நேரம் எடுத்தது என்பதையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும்.

ஜனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வண்டி வேண்டுமென்று மகஜர் கொடுத்தவர்கள், வண்டி வந்ததும் அதில் ஏற வேண்டும். மூன்று தம்பிடி வரி கொடுத்து இப்பாதையை உண்டாக்கியவர்களின் சந்ததியார், அதைக் கேட்டுப் பெறும் உரிமையோடு, அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வார்களென்று நம்புகிறோம்.