சீட்டை ஏத்துங்க பாஸ்!

ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள் இப்போ எங்கே பாஸ்? தொழுவத்துலயா? ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காக 2001-02-ல் ஆரம்பிச்ச திட்டம் அது; 2005-06-ல் எல்லா சமூகத்து மாணவர்களுக்கும் வந்துச்சு. நம்மைக் காலேஜ் வாசல் வரை கொண்டுவந்து விட்ட வண்டிங்க!

தூசி தட்டியாச்சா? காத்தடிச்ச கையோட கிளம்பிடாதீங்க. டயர்ல வெடிப்பு இருக்கா, பிரேக் கட்டை இறுகிப்போச்சான்னு பாருங்க. செயினுக்கு எண்ணெய் விடுங்க. முக்கியமா, சீட்டை ஏத்துங்க. சைக்கிள் வளரலை, நீங்க வளர்ந்துட்டீங்க! பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசா மடங்கினா போதும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தா முட்டி வலி வரும்.

தேவதானம் ஃப்ரெண்ட்ஸ், முதல் நாளே சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பாதீங்க. மலையைப் பார்த்துப் போற ரோடு, மூச்சு வாங்கும். முதல் வாரம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் வரை, அடுத்த வாரம் சேத்தூர். அப்புறம் பாருங்க, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் உங்க கையில... ஸாரி, கால்ல!