பலூன் போய்விட்டது, சிக்னல் எங்கே?

2016 பெப்ரவரியில் கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய பலூன் ஒன்று வந்து இறங்கியது. அது கூகுள் நிறுவனத்தின் 'லூன்' பலூன். திட்டமிட்டே இறக்கப்பட்டது என்றனர் அதிகாரிகள். சுமார் 20 கிலோமீற்றர் உயரத்தில் பலூன்களை மிதக்கவிட்டு, தரை நிலையத்திலிருந்து வரும் அலைகளை வாங்கி, கீழேயுள்ள கைத்தொலைபேசிகளுக்கு அனுப்புவதே திட்டம். ஒரு கோபுரத்தைவிடப் பல மடங்கு பரப்புக்கு சிக்னல் கிடைக்கும். 2015 ஜூலையில் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தபோது, தீவு முழுவதற்கும் இணையம் வரும் என்றார்கள்.

வரவில்லை. இங்கு அலைவரிசைச் சிக்கலில் திட்டம் நின்றது. 2021 ஜனவரியில் தாய் நிறுவனம் உலகெங்கும் அதை மூடியது. செலவுக்கேற்ற வருமானம் இல்லை என்பதே காரணம்.

இந்தக் காரணம் நமக்குப் புதிதல்ல. பத்து லயன்களுக்கும் காட்டோரக் கிராமத்துக்கும் கோபுரம் போட்டால் கட்டாது என்ற அதே கணக்குத்தான். கருவி மாறினாலும் கணக்கு மாறவில்லை. 2025இல் ஸ்டார்லிங்க் வந்தது. அதன் கருவியும் மாதக் கட்டணமும் நாட்சம்பளக்காரருக்கு எட்டாது.

1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து போன நம் உறவுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். வன்னியில் மகள், லயத்தில் தாய். இருவருக்கும் இடையில் இருப்பது தொலைபேசி மட்டுமே. பாம்பு கடித்தாலும் யானை அடித்தாலும் 1990 அம்புலன்ஸை அழைக்க சிக்னல் வேண்டும். மண்சரிவு எச்சரிக்கையும் சிக்னல் இருந்தால்தான் லயத்துக்கு வந்து சேரும்.

ரீலோட் போடும்போது கொழும்பில் இருப்பவர் கட்டும் அதே வரியைத்தான் நாமும் கட்டுகிறோம். ஆகவே இது சலுகை அல்ல, உரிமை.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது மூன்று: தோட்டங்களுக்கும் வன்னிக் கிராமங்களுக்கும் சேவை வழங்குவது உரிம நிபந்தனையாக வேண்டும். ஒரு கோபுரத்தை எல்லா நிறுவனங்களும் பகிர வேண்டும். மின்சாரம் நின்றாலும் கோபுரம் இயங்க பற்றரி வசதி கட்டாயமாக வேண்டும்.

தோட்டத் தலைவர், தலைவிமாரே, வன்னிக் கிளைத் தோழர்களே! சிக்னல் இல்லாத டிவிசன், லயம், கிராமம் ஒவ்வொன்றையும் எழுதி சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடுதான் ஆணைக்குழுவின் முன் நிற்க வேண்டும். வானத்திலிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று இனியும் காத்திருக்க வேண்டாம்.